சொல்லக் கூசும் வயிற்றுவலி

(நமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கருத்தரங்கில் பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது நீரிழிவு, இருதய நோய், மார்பகப் புற்றுநோய் என்று சில தலைப்புகளைச் சொன்னார்கள். எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அவற்றைப் பற்றிப் பேச வேறு மேடைகள் பல உண்டு. நான் கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வயிறு. வயிற்றுப் பொருமல், வாயு, சாப்பிட்டவுடன் மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருப்பது, அல்லது நாட்கணக்காகப் போகாமல் அவதிப்படுவது ஆகியவற்றை நம் பெண்கள் கணவனிடமும் சொல்வதில்லை, வைத்தியரிடமும் சொல்வதில்லை. கலியாண வீட்டுக்குப் போவதைத் தவிர்ப்பார்கள். கொழும்புக்கு பஸ்ஸில் போக வேண்டுமென்றால் முதல்நாள் இரவே பட்டினி கிடப்பார்கள். “எனக்கு வயிறு சரியில்லை” என்ற மூன்று சொல்லோடு பத்து வருடத்தைக் கடத்திவிடுவார்கள். இன்று இங்கே பெண்கள் மட்டும் இருக்கிறோம். ஆகவே கூச்சமில்லாமல் பேசலாம்.

வருத்தத்துக்குப் பெயர் உண்டு

ஸ்கான் எடுத்தாயிற்று, இரத்தம் சோதித்தாயிற்று, குழாய் விட்டும் பார்த்தாயிற்று, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வலி போகவில்லை. இப்படி வருபவர்களில் பலருக்கு இருப்பது எரிச்சலுறும் குடல் என்று நாங்கள் சொல்லும் நிலை. ஆங்கில எழுத்துகளால் ஐ.பி.எஸ். என்பார்கள். ரிப்போட்டில் ஒன்றும் இல்லை என்றால் குடலில் புண்ணோ கட்டியோ இல்லை என்பதுதான் பொருள். வருத்தமே இல்லை என்பது பொருள் அல்ல. அது மனப்பிரமையும் அல்ல.

2016இல் வெளிவந்த ‘ரோம்’ விதிகளின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புபட்டிருப்பது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது என்ற மூன்றில் இரண்டாவது கூட இருக்க வேண்டும். தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 73,000க்கும் அதிகமானவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். இந்த இறுக்கமான விதிகளின்படியே 100இல் ஏறத்தாழ 4 பேருக்கு இது இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல்.

குடலுக்கென்று தனி நரம்பு வலை ஒன்று உண்டு. அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அது மூளையோடு இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கிறது. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு இந்த வலை கூர்மையாகிவிடுகிறது. மற்றவர் உணராத சிறு வாயுவும் இவர்களுக்கு வலியாகத் தெரியும். பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது வயிறு கலக்குவது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதே பேச்சுவார்த்தைதான், இங்கே சத்தம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். 1990, 2006 இடப்பெயர்வுகளையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட நமது மாவட்டத்துப் பெண்களிடம் வயிற்றுவலிக்குக் காரணம் கேட்கும்போது, நான் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை.

ஒரு வயிற்றோட்டம் வந்து போன பிறகும் இது தொடங்கலாம். கனடாவில் இருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு ஒன்ராறியோவின் வோக்கர்டன் என்ற சிறு நகரம் ஞாபகம் இருக்கும. 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே குடிநீரில் கிருமி கலந்து 2,000க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை ஆய்வாளர்கள் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு மூன்று வருடங்களுக்குப் பின் 100க்கு 28 பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. எட்டு வருடத்தின் பின் அது 15 ஆகக் குறைந்தது. இதில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. வெள்ளத்துக்குப் பின் கிணற்றைச் சுத்திகரிப்பதும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் அன்றைய வயிற்றோட்டத்தை மட்டுமல்ல, பின்னால் வரும் வருத்தத்தையும் தடுக்கும். மற்றது, வந்தாலும் பலருக்குக் காலப்போக்கில் தணியும்.

முதலில் விலக்க வேண்டியவை

சாப்பாட்டை மாற்ற முன் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், கருமையான மலம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், காய்ச்சல், வயிற்றில் கட்டி, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக வயிறு ஊதுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்றால் அதை வாயு என்று தள்ளிவிடாதீர்கள். சூலகப் புற்றுநோய் இப்படித்தான் மெல்ல வரும். அந்த வயதில் புதிதாகத் தொடங்கும் வருத்தத்தை ஐ.பி.எஸ். என்று சொல்ல நாங்கள் அவசரப்படுவதில்லை.

ஒவ்வாமை வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு

‘எனக்கு இறால் அலர்ஜி, பால் அலர்ஜி, உள்ளி அலர்ஜி’ என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். ஒவ்வாமை என்பது உடலின் பாதுகாப்புப் படை தவறாகப் போர் தொடுப்பது. இறாலில் சிறு துண்டு போதும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் அந்த உணவை அடியோடு விட வேண்டும். ஒத்துக்கொள்ளாமை என்பது சமிபாட்டுப் பிரச்சினை. அது அளவைப் பொறுத்தது. கொஞ்சம் சாப்பிட்டால் சரி, கூடினால் வருத்தம். உயிராபத்து இல்லை.

துறைமுக ஊரில் இருப்பதால் மூன்றாவது ஒன்றையும் சொல்கிறேன். சூரை போன்ற மீன்களைப் பிடித்தபின் ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் கிருமிகள் அந்த மீனின் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்து, வயிற்றால் போகும். வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் அலர்ஜி அல்ல, கெட்ட மீன். வைத்தியரிடம் போங்கள். ஆனால் அதற்காக வாழ்நாள் முழுதும் மீனை விட வேண்டியதில்லை. மீன் வாங்கும் இடத்தை மாற்றினால் போதும்.

எளிய வழிகள் முதலில்

ஐ.பி.எஸ். என்று உறுதியானால் பெரிய பத்தியம் எதையும் உடனே தொடங்க வேண்டாம். பிரித்தானியாவின் ‘நைஸ்’ நிறுவனம் 2008இல் தந்த வழிகாட்டல் நம் பாட்டிமார் சொன்னதைப் போலத்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. ஆறுதலாகச் சாப்பிடு. ஒரு நேரத்தை விட்டுவிட்டு அடுத்த நேரம் இரட்டிப்பாகச் சாப்பிடாதே. தண்ணீர் உட்பட நாளொன்றுக்கு எட்டுக் கோப்பையாவது நீராகாரம் குடி. தேநீர், கோப்பி மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம். பழம் ஒரு நாளைக்கு மூன்று பங்கு போதும். நமது திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதல்ல, முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதைப் பற்றியது.

இவற்றில் நம் பெண்கள் தவறுவது முதலாவதில்தான். காலையில் எல்லோருக்கும் பிட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, தான் ஒரு பால் தேநீரோடு வேலைக்கு ஓடுவது. மதியம் இரண்டரைக்கு ஒரு ரோல்ஸ். இரவு ஒன்பதரைக்கு மிச்சமிருக்கும் சோறு கறி எல்லாம். வெறும் வயிற்றில் பாலும் தேயிலையும், களைத்த வயிற்றில் எண்ணெயும் உறைப்பும். இந்த ஒழுங்கை மாற்றினாலே ஒரு பகுதியினர் என்னிடம் மீண்டும் வருவதில்லை. விரதம் இருப்பவர்களுக்கும் நோன்பு பிடிப்பவர்களுக்கும் சொல்வது ஒன்றே. முடிக்கும்போது கஞ்சி போல இலேசாகத் தொடங்கி, ஒரு மணித்தியாலம் விட்டுச் சாப்பிடுங்கள். வடையும் பஜ்ஜியும் கடைசியாக இருக்கட்டும்.

நார்ச்சத்து நல்லதென்று கோதுமைத் தவிட்டைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அது பொருமலைக் கூட்டும். இசப்கோல் உமி ஏற்றது. சிறிதாகத் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும்.

நமது குசினியில் ஃபொட்மப்

இவ்வளவும் செய்தும் தீராதவர்களுக்கு அடுத்த படி ஃபொட்மப் குறைந்த உணவு. மெல்பேணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சிறிய மாச்சத்துகளையும் சீனிகளையும் சேர்த்துத்தான் ஃபொட்மப் என்கிறார்கள். அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். குடல் ஊதும். கூர்மையான நரம்பு வலை அதை வலி என்று சொல்லும். 2014இல் மொனாஷ் ஆய்வாளர்கள் 30 ஐ.பி.எஸ். நோயாளருக்கு 21 நாட்கள் இந்த உணவையும் 21 நாட்கள் வழமையான அவுஸ்திரேலிய உணவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இந்த உணவில் இருந்த நாட்களில் அவர்களின் வருத்தம் ஏறத்தாழ அரைவாசியாக இருந்தது.

அவர்களுடைய பட்டியல் அவுஸ்திரேலியச் சாப்பாட்டை வைத்து எழுதப்பட்டது. நாம் அதை நமது குசினிக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல செய்தி, நமது அடிப்படை உணவான சோறு இதில் பிரச்சினை இல்லை. அரிசிமா இடியப்பம், அரிசிமாப் பிட்டு, மீன், முட்டை, கோழி, கரட், போஞ்சி, வெள்ளரிக்காய், பப்பாசி, தோடம்பழம் என்று சாப்பிட நிறைய உண்டு.

வில்லன்கள் இருவர், வெங்காயமும் உள்ளியும். இரண்டிலும் ஃபிரக்ரன் என்ற மாச்சத்து அதிகம். சொதியில் இருக்கும் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்பார்கள். பயனில்லை. ஃபிரக்ரன் தண்ணீரில் கரையும், ஏற்கனவே சொதிக்குள் இறங்கிவிட்டது. ஆனால் எண்ணெயில் அது கரையாது. ஆகவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, வாசம் இறங்கியதும் உள்ளியை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி, கறிவேப்பிலை, இஞ்சி, சீரகம், பெருங்காயம் பயன்படுத்தலாம். பெருங்காயப் பொடியில் கோதுமை மா கலந்திருக்கும். எனவே கோதுமையே கூடாதவர்கள் பொதியைப் பார்த்து வாங்க வேண்டும். குடும்பத்துக்கு வெங்காயம் வேண்டுமென்றால் உங்கள் பங்கை முதலில் எடுத்துவிட்டு, பிறகு மற்றவர்களுக்குத் தனியாகத் தாளித்துச் சேருங்கள். அதற்கு ஒரு சின்னச் சட்டி போதும்.

அடுத்தது பருப்பு வகை. கடலை, கௌப்பி, பயறு, உழுந்து எல்லாவற்றிலும் வாயு உண்டாக்கும் சீனிகள் உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் குறையும். புளிக்கவைத்தாலும் குறையும். கடலைச் சுண்டல் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தோசை ஒத்துக்கொள்வது அதனால்தான். பருப்பை முற்றாக விட வேண்டாம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் புரதம் அதில்தான் இருக்கிறது. அளவைக் குறைத்துப் பாருங்கள்.

பால். குழந்தைப் பருவம் தாண்டியதும் பாற்சீனியைச் செரிக்கும் லக்ரேஸ் நொதியம் நம்மைப் போன்ற ஆசிய மக்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. இது நோயல்ல, இயற்கை. பலர் ஒரு தம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் தாங்குவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை பால்மாத் தேநீர் குடிப்பதுதான் சேர்ந்து கணக்கு வைக்கிறது. சட்டித் தயிரில் கிருமிகளே பாற்சீனியின் ஒரு பகுதியைச் செரித்து வைத்திருப்பதால் கிண்ணியாத் தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளக்கூடும். பாலை விடுபவர்கள் கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலியையும் கீரையையும் மறக்க வேண்டாம்.

கோதுமை. சீனன்குடாவில் 1980இல் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து கோதுமை மா நம் ஊர்வாசலிலேயே அரைபடுகிறது. பாணும் ரொட்டியும் கோதுமைமாப் பிட்டும் நமது அன்றாடமாகிவிட்டன. அதில் தவறில்லை. ஆனால் பாண் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே ‘குளுட்டன்’ என்று முடிவெடுக்க வேண்டாம். 2018இல் ஒஸ்லோவில், குளுட்டன் தங்களுக்கு ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, உள்ளே எது இருக்கிறதென்று தெரியாதபடி உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். வருத்தத்தைக் கூட்டியது குளுட்டன் அல்ல, ஃபிரக்ரன். உண்மையான சீலியக் நோய் வேறு. அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் பொய்யான முடிவு வரும்.

மாம்பழம், வத்தகப்பழம், தேன், கஜு, சீனியில்லாத இனிப்புகள் ஆகியவை அளவு மீறினால் தொல்லை தருபவை. உறைப்பும் கொழுப்பும் ஃபொட்மப் அல்ல, ஆனால் இரண்டும் குடலைத் தூண்டும். மிளகாய்த்தூளையும் முதற்பாலையும் பாதியாக்கிப் பாருங்கள்.

திரும்பி வரும் வழி

இந்தப் பத்தியத்துக்கு மூன்று படிகள். முதலாவது, இரண்டு முதல் ஆறு வாரங்கள் குறைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. மூன்று நாட்கள் பால், அடுத்தது பாண், அடுத்தது பருப்பு என்று அளவைக் கூட்டிச் சோதித்து ஒரு கொப்பியில் எழுதுவது. மூன்றாவது, எது எவ்வளவு ஆகும் என்று அறிந்து முடிந்தவரை விரிவாகச் சாப்பிடுவது. ஆறு வாரத்திலும் பலன் இல்லையென்றால் இந்தப் பத்தியம் உங்களுக்கு உரியதல்ல. விட்டுவிட்டு வைத்தியரிடம் வேறு வழி கேளுங்கள்.

முதற்படியிலேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து. என்னிடம் வந்த ஓர் ஆசிரியையின் கதையை, ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். முதலில் பாலை விட்டார். கொஞ்சம் சுகம். பிறகு பருப்பு, பிறகு கத்தரிக்காய், பிறகு மீன், பிறகு தேங்காய். ஒவ்வொன்றையும் விடும்போது ஒரு கிழமை சுகம், பிறகு பழையபடி. ஐந்து வருடத்தின் பின் அவர் சாப்பிட்டது சோறு, ரசம், கரட். எடை 39 கிலோ. தலைமயிர் கொட்டியது, படியேற இளைத்தது. அவருக்கு இரத்தச்சோகை வந்தது நோயால் அல்ல, பத்தியத்தால். பத்துக்கு மேற்பட்ட உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க எட்டு மாதம் எடுத்தது. இறுதியில் உண்மையாக ஒத்துக்கொள்ளாதவை இரண்டே, பாலும் வெங்காயமும். முதலில் மீனைச் சேர்த்த நாளில் அவர் பயந்த பயம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உணவு பகையாகிவிட்டால் வீடும் விருந்தும் உறவும் கூடத் தூரமாகிவிடும்.

ஏற்கனவே மெலிந்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், உணவைக் கண்டு பயப்படும் இளம்பெண்கள் ஆகியோர் இந்தப் பத்தியத்தைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரத்தத்தில் ‘ஐ.ஜி.ஜி.’ பார்த்து நூறு உணவுகளுக்குச் சிவப்புப் புள்ளி போட்டுத் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் அந்த உணவைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். 2021இல் அமெரிக்கக் குடல்நோய் வைத்தியர் கல்லூரியும் ஒவ்வாமைக்கான அறிகுறிகள் இருந்தாலன்றி உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகள் வேண்டாம் என்றே சொன்னது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பதிவுபெற்ற உணவியலாளர்கள் இருக்கிறார்கள். ‘நான் சாப்பிடுவது இடியப்பமும் சொதியும், அதற்கேற்பச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் தங்கைமாரைப் பற்றி. பேராசிரியர்கள் ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் பல வருடங்களாக ஆராய்ந்து உலகறிய எழுதியிருக்கிறார்கள். இவை பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படுபவை என்பதையும், மன அழுத்தம் தரும் வாழ்க்கை நிகழ்வுகளோடு தொடர்புடையவை என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வீட்டைவிட்டு வரும் பிள்ளை, மலசலகூடத்துக்குப் போகாமல் இரண்டு மணிவரை அடக்கிக்கொண்டிருந்தால் குடல் தன் ஒழுங்கை மறந்துவிடும். அடக்கிய மலம் காய்ந்து இறுகும், வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கமாட்டாள். மாதவிடாய் நாட்களில் இது இரட்டிப்பு. அதற்கு நான் எழுதிக் கொடுக்கும் மருந்தைவிடத் தண்ணீர் வரும் குழாயும், தாழ்ப்பாள் உள்ள கதவும், சுத்தமான தரையும் கூடுதலாக உதவும்.

நூற்றாண்டு நினைவாக மண்டபம் கட்டுவோம், சிலை வைப்போம் என்று யோசனைகள் வந்திருப்பதாக அறிகிறேன். அவற்றோடு, ஒவ்வொரு மாடியிலும் நல்ல மலசலகூடத் தொகுதி ஒன்றையும், அதைப் பராமரிக்க ஒருவரின் மாதச் சம்பளத்துக்கான நிதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுவது எளிது. பத்து வருடம் சுத்தமாக வைத்திருப்பதற்குத்தான் பணம் வேண்டும். அந்த நிதிக்கு எனது பங்கை இன்றே பொருளாளர் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கைமாரே, வயிறு சரியில்லை என்றால் சொல்லுங்கள். முதலில் அம்மாவிடம், பிறகு வகுப்பாசிரியையிடம், பிறகு எங்களிடம். அக்காமாரே, இன்றிரவு எல்லோருக்கும் பரிமாறிய பின் அல்ல, எல்லோரோடும் சேர்ந்திருந்து சாப்பிடுங்கள்.